காசு எழுத்தாளருடையது, பக்கம் கடையுடையது

பெரிய புத்தகக் கடைகளில் வாசலை ஒட்டியிருக்கும் மேசை, அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நெடுங்காலம் வாடகை மேசையாகவே இருந்தது. ஒரு நூல் அங்கே அடுக்கப்பட்டிருந்தால், பெரும்பாலும் பதிப்பகம் அதற்குப் பணம் கட்டியிருக்கும். எழுத்தாளரை யாரும் கேட்பதில்லை. 2011-ல் பிரிட்டனின் வாட்டர்ஸ்டோன்ஸ் கடைகளுக்குப் பொறுப்பேற்ற ஜேம்ஸ் டான்ட் அந்தப் பணமே வேண்டாம் என்றார். 2019-ல் அமெரிக்காவின் பார்ன்ஸ் அண்ட் நோபிளுக்குப் போனபோதும் அதையே செய்தார்.

அதற்குள் வாடகை மேசை இணையத்துக்குக் குடிபோய்விட்டது. 2007-ல் கிண்டிலோடு சுயபதிப்புத் தளத்தையும் திறந்த அமேசான், 2015-ல் அங்கே நூல் வெளியிடுபவர்களுக்கு விளம்பர வசதியும் கொடுத்தது. இந்த முறை எழுத்தாளரே நேரடியாகக் காசு கட்டலாம்.

வாசகர் என்ன தேடும்போது தன் நூல் தெரிய வேண்டும், யாருடைய நூலுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று அவர் குறித்துக்கொடுக்கிறார். ஒரு கிளிக்குக்கு அதிகபட்சம் எவ்வளவு, ஒரு நாளைக்கு எவ்வளவு என்றும் சொல்கிறார். அவர் கையில் இருப்பது அவ்வளவுதான், மீதி ஏலம். விளம்பரம் கண்ணில் பட்டால் செலவில்லை, தட்டினால்தான் செலவு. தட்டியவர் வாங்காமல் போனாலும் காசு போனது போனதுதான்.

ஒரு கணக்குப் போடுவோம். மின்னூல் விலை 2.99 டாலர். 70 சதவீத உரிமத்தொகையில், கோப்பை அனுப்பும் கட்டணம் போக எழுத்தாளருக்குச் சுமார் 2 டாலர். கிளிக்குக்கு 30 சென்ட் என்று வைத்து, பத்துப் பேர் தட்டி ஒருவர் வாங்கினால் செலவு 3 டாலர். விற்ற ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு டாலர் நஷ்டம். இதில் ஒரு பொறியும் உண்டு. விளம்பரக் கணக்கு காட்டும் செலவு விகிதம் விற்பனை விலையை வைத்துப் போடப்படுகிறது, உரிமத்தொகையை வைத்தல்ல. 80 சதவீதம் என்று பார்த்துவிட்டு 20 மிச்சம் என்று மகிழ்பவர் உண்மையில் கையைக் கடித்துக்கொண்டிருக்கிறார். தொடர் நாவல் எழுதுபவர்கள் தப்பிக்கலாம்: முதல் பாகத்தில் விட்டதை மூன்றாம் பாகத்தில் பிடிக்கலாம்.

இன்னொரு வேடிக்கை, நம் நூலின் பக்கத்திலேயே போட்டி நூல்களின் விளம்பரம் வரும். அதைத் தடுக்க எழுத்தாளருக்கு வழியில்லை. அதனால் சிலர் தங்கள் நூலின் பக்கத்தில் தங்கள் மற்ற நூல்களுக்கே விளம்பர இடம் வாங்குகிறார்கள். சொந்தத் திண்ணைக்கு வாடகை கொடுத்து உட்காருவது மாதிரி.

பதிப்பகம் வழியாக வருபவர்களின் பிடி இன்னும் தளர்வானது. 2014-ல் அமேசானுக்கும் ஹாஷெட் பதிப்பகத்துக்கும் தகராறு வந்தபோது, அந்தப் பதிப்பகத்தின் பல நூல்களுக்கு முன்பதிவு வசதி நின்றது; அனுப்புவதும் தாமதமானது. எழுத்தாளர்கள் செய்யக்கூடியதாக இருந்தது ஒன்றுதான்: 900-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட கண்டனக் கடிதத்தை நியூயார்க் டைம்ஸில் விளம்பரமாக வெளியிட்டார்கள். அச்சுப் பத்திரிகையில்!

விளம்பரம் போட எண்ணுபவர்கள் முதலில் ஒரு வகுத்தல் போட்டுப் பாருங்கள். ஒரு பிரதிக்குக் கைக்கு வரும் தொகையை, ஒரு விற்பனைக்கு ஆகும் கிளிக்குகளால் வகுத்து, அதற்கு மேல் ஏலம் கேட்காதீர்கள். மேலே சொன்ன நூலுக்கு அது 20 சென்ட்.