உலாவியும் உரையாசிரியரும்

திருக்குறளுக்குப் பண்டை நாளில் பதின்மர் உரை கண்டனர் என்பதைத் தமிழாசிரியர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மூலம் ஒன்றே, ஆயினும் மணக்குடவர் கொண்ட பொருளைப் பரிமேலழகர் சிலவிடங்களில் கொள்வதில்லை. வணிக வலைத்தளங்களின் நிலையும் ஏறக்குறைய இதுவே. வணிகர் எழுதி வைப்பது மூலம். அதை வாங்குவோர் திரையில் விரித்துக் காட்டும் உலாவியே உரையாசிரியர். உரை வேறுபட்டால் குறளுக்கு இழுக்கில்லை. கடைக்கோ இழப்பு உண்டு.

இதை நான் ஏட்டில் படித்து அறிந்தவனல்லன். 2021ஆம் ஆண்டு என் பழைய மாணவி ஒருத்தி தீபாவளிப் பலகாரங்களை வலைத்தளம் வழியாக விற்கத் தொடங்கினாள். அவளுடைய கணினியில், குரோம் உலாவியில், யாவும் செவ்வனே நடந்தன. பழைய ஐபோன் வைத்திருந்தோர் மட்டும் பலகாரம் பெறும் நாளைக் குறிக்கும் இடத்திலேயே நின்றுவிட்டனர். "ஐயா, எண்ணெய்ச் சட்டி காய்கிறது; ஆர்டரைத்தான் காணோம்" என்று வந்து நின்றாள்.

குற்றம் எங்கே? நாளையும் நேரத்தையும் "2021-11-01 09:00" என நடுவே இடைவெளி விட்டு எழுதியிருந்தார்கள். ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்குரிய இலக்கணம், இவ்விரண்டுக்கும் இடையே 'டி' என்னும் ஆங்கில எழுத்து வரும் வடிவத்தையே வகுத்துள்ளது. வேறு வடிவங்களை ஏற்பதும் தள்ளுவதும் உலாவியின் விருப்பம். குரோம் ஏற்றது, அக்காலத்துச் சஃபாரி தள்ளியது. இரண்டும் இலக்கணம் வழுவவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை!

அதற்குமுன் அவள் வேறொரு வழியையும் முயன்றிருந்தாள். ஐபோனிலும் குரோமை நிறுவிக்கொள்ளுமாறு வாடிக்கையாளரைக் கேட்டுக்கொண்டாள். பயனில்லை. என்னை? ஐபோனில் எப்பெயர் கொண்ட உலாவியும் ஆப்பிளின் வெப்கிட் என்னும் இயந்திரத்தைக் கொண்டே இயங்கவேண்டும் என்பது அந்நிறுவனத்தின் விதி. 2024 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்தில் அது தளர்ந்தது. ஆகவே பெயர்களை எண்ணுவதில் பொருளில்லை, இயந்திரங்களையே எண்ணவேண்டும். குரோம், எட்ஜ், ஓப்பரா ஆகியவற்றுக்கு பிளிங்க், சஃபாரிக்கு வெப்கிட், ஃபயர்பாக்ஸுக்கு கெக்கோ. முதன்மையானவை இம்மூன்றே.

தமிழருக்கு இத்தொல்லை புதிதன்று. 1990களின் இறுதியில் ஒவ்வொரு தமிழ்த் தளமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. அதை அனுப்பும் முறையும் நெட்ஸ்கேப்புக்கு ஒன்று, இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு வேறொன்று. பொருந்தாவிடில் திரையெங்கும் பொருளற்ற குறிகள். யூனிகோடு பரவிய பின்னரே அத்தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது.

"நீ எந்த உலாவி?" என்று கேட்டு, அதற்கேற்பப் பக்கத்தை மாற்றி அனுப்பும் வழக்கமொன்றும் உண்டு. நான் இதனை ஒப்புவதில்லை. உலாவிகள் தம் பெயரை உண்மையாகச் சொல்வதில்லை. குரோம் தன்னை அறிவிக்கும் வரியிலேயே மோசில்லா, சஃபாரி என்னும் பெயர்களும் கலந்திருக்கும்! பெயர் கேட்பதைவிட, "இவ்வேலை உனக்குத் தெரியுமா?" என்று கேட்பதே முறை. தெரியாத உலாவிக்கு அழகிய அசைவுகள் கிட்டாமற் போகலாம். பொருளும் விலையும் வாங்கும் பொத்தானும் கிட்டியே ஆகவேண்டும்.

அம்மாணவி அந்த ஒற்றை எழுத்தைச் சேர்த்தாள். மறுநாளே ஐபோன்காரர்களின் ஆர்டர்கள் வரத் தொடங்கின. அதுமுதல் ஒவ்வோர் ஆண்டும் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பாக உறவினரிடம் பழைய கைபேசிகளை இரவல் வாங்குகிறாள். ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டலம் முறுக்குக்கு ஆர்டர் கொடுத்து, பணம் கட்டி முடியும்வரை பார்க்கிறாள். சென்ற முறை என்னுடைய கைபேசியும் போயிற்று. முறுக்குடன் திரும்பி வந்தது.