வேரும் வானும்

மெக்சிகோ வழிவந்த அமெரிக்க எழுத்தாளர் சாண்ட்ரா சிஸ்நேரோஸ், ‘மாங்கோ தெரு வீடு’ என்னும் கதைநூலை 1984ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அதன் தலைவி எஸ்பெரான்சா, சிகாகோ நகரில் எளியோர் வாழும் தெருவொன்றில் வளரும் சிறுமி. ‘நம்பிக்கை’ என்னும் பொருளுடைய ஸ்பானியப் பெயர் அவளுடையது. அப்பெயர் கொள்ளுப்பாட்டி வழி வந்தது. விருப்பமின்றி மணம் செய்விக்கப்பெற்ற அப்பாட்டி, பலகணியருகே அமர்ந்தே வாழ்நாளைக் கழித்தாள். பெயரை ஏற்ற சிறுமி, அப்பலகணியை ஏற்க மறுக்கிறாள்.

வீட்டின் முன்னே, சிமெண்டுத் தளத்தின் நடுவே, நான்கு மெலிந்த மரங்கள் நிற்கின்றன. அவற்றில் அவள் தன்னையே காண்கிறாள். வேர்கள் மண்ணை இறுகப் பற்ற, கிளைகள் வானை நாடுகின்றன. பலகணி அடங்கிய வாழ்வுக்கும், மரம் ஓங்கும் உள்ளத்துக்கும் உருவகமாயின. தெருவை விட்டு நீங்கினும், நீங்க இயலாதோர்க்காகத் திரும்பி வருவதென இறுதியில் அவள் உறுதி கொள்கிறாள். வானை நாடிய மரம் வேரை மறவாமையே இக்கதையின் உட்பொருளாகும்.