நூலில் பிறந்த லயம்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் ஒரே ஆங்கிலச் சொல் இரண்டு உருவங்களில் புழங்கியது. தொலைபேசி வேலை செய்யாவிட்டால் 'லைன் இல்லை' என்பார்கள். வேலை முடித்து வீடு திரும்புகிறவர்களோ 'லயத்துக்குப் போகிறோம்' என்பார்கள். லைனும் லயமும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பது பேசுகிறவர்களுக்கே பல சமயம் தெரியாது. தமிழ் ஒரு சொல்லை ஏன் இரண்டு முறை கடன் வாங்கியது? 'வரிசை' என்ற சொல் கையில் இருக்கும்போது வீட்டுக்கு எதற்கு இந்தக் கடன்? அந்தத் தோட்டங்களில் குடியிருப்பு என்பது எப்படிப்பட்ட ஏற்பாடாக இருந்தது என்பதை இந்தச் சொல்லே காட்டிக்கொடுக்கிறது.

'லைன்' ஆங்கில அகராதிகளில் பத்தி பத்தியாக நீளும் சொல். கோடு, கயிறு, வரிசை, கவிதை அடி, நடிகர் பேசும் வசனம், ரயில் பாதை, மின்கம்பி, ஒருவர் பார்க்கும் தொழில், போர்முனை என அதன் பொருள்கள் விரிகின்றன. வேர் மட்டும் ஒன்றுதான்: ஆளிச் செடி. ஆளி விதை தரும் அதே செடியின் தண்டிலிருந்து நார் எடுத்து நூற்றார்கள். லத்தீனில் செடிக்கு 'லினம்', அந்த நாரில் திரித்த நூலுக்கு 'லினியா'. லினன் துணி அங்கிருந்து வந்தது. சட்டையின் உட்புறம் தைக்கும் 'லைனிங்' முதலில் லினன் துணியால் தைக்கப்பட்டதால் அந்தப் பெயர் பெற்றது. 1860களில் இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்ட லினோலியம் என்ற தரைவிரிப்பும் ஆளி எண்ணெயின் பெயரைச் சுமக்கிறது. நூலை இழுத்துப் பிடித்தால் நேர்கோடு கிடைக்கும். நூலிலிருந்து கோடும், கோட்டிலிருந்து வரிசையும், எழுத்து வரிசையிலிருந்து கவிதை அடியும் பிறந்த வழி இதுதான்.

தமிழருக்கு இது புதிய வழி அல்ல. பஞ்சில் திரித்த நூல்தான் நமக்குப் புத்தகத்தின் பெயரும். பவணந்தியார் நன்னூலில் நூலுக்கு இலக்கணம் சொல்லும்போது, நூற்பவள் கையில் உருவாகும் இழையையும், மரத்தின் கோணலைத் தீர்க்கத் தச்சர் அடிக்கும் நூலையும் உவமையாக எடுத்துக்கொள்கிறார். கட்டட வேலையில் இன்றும் 'நூல் பிடித்து'த்தான் சுவர் எழுப்புகிறோம். மலாய்மொழியும் இந்த வழியில் வந்ததுதான். கயிற்றைக் குறிக்கும் 'தாலி' என்ற மலாய்ச் சொல்லிலிருந்து தொலைபேசி இணைப்புக்கு 'தாலியான்' என்ற சொல்லை ஆக்கினார்கள். இணையவழியில் நடப்பதை 'டாலாம் தாலியான்', அதாவது இழைக்குள், என்கிறார்கள். நூலையும் கயிற்றையும் கொண்டு எதையும் சொல்லத் தெரிந்த இத்தனை மொழிகளுக்கு நடுவில் ஆங்கில 'லைன்' குடியிருப்பின் பெயராக வந்து உட்கார்ந்ததற்குத் தனிக் காரணம் இருக்க வேண்டும்.

காரணம் பட்டாளத்தில் இருக்கிறது. ஆங்கிலேயரின் படை முகாம்களில் கூடாரங்களும் சிப்பாய்க் குடிசைகளும் வரிசையாக நின்றன. அந்த வரிசைகளுக்குப் பெயர் 'லைன்ஸ்'. டெல்லியிலும் கான்பூரிலும் 'சிவில் லைன்ஸ்' என்ற பகுதிகள் இன்றும் உள்ளன. தமிழ்நாட்டு ஊர்களில் காவலர் குடியிருப்பைப் 'போலீஸ் லைன்' என்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்களிலும், பின்னர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலும் தொழிலாளருக்குக் கட்டிய வரிசை வீடுகளைத் துரைமார் 'கூலி லைன்ஸ்' என்றே எழுதினார்கள். பட்டாளச் சொல் தனியாக வரவில்லை. விடியுமுன் தொழிலாளர் கூடி நின்று பேர் கொடுக்கும் சடங்குக்குத் தோட்டத்தில் 'பெரட்டு' என்று பெயர். அது ஆங்கிலத்தின் 'பரேடு'. உறங்குவது லயத்தில், எழுந்து நிற்பது பெரட்டில். ஒரு நாளின் இரண்டு முனைகளுக்கும் சிப்பாய் வாழ்விலிருந்து பெயர் வந்திருக்கிறது. விவசாயக் கிராமத்தின் சொற்களில் எதுவும் அங்கே பொருந்தவில்லை.

தோட்டமே கயிற்றால் வரையப்பட்டது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். காட்டை வெட்டி எரித்த நிலத்தில், குறித்த தூரத்துக்கொரு அடையாளம் கட்டிய கயிற்றை இழுத்துப் பிடிப்பார்கள். அடையாளம் விழுந்த இடத்தில் முளைக்குச்சி அடிப்பார்கள். பிறகு அந்த இடத்தில் குழி. 20 அடிக்கு 20 அடி என்று பிடித்தால் ஓர் ஏக்கரில் 108 கன்று நிற்கும். துரைமாருக்கு இந்த வேலையின் பெயரும் 'லைனிங்'. ஆனால் அப்படி வளர்ந்த மரவரிசைக்குத் தொழிலாளர் 'லைன்' என்று பெயர் வைக்கவில்லை. அவர்களுக்கு அது 'நிரை'. இன்னார் இந்த நிரையைப் பிடித்திருக்கிறார் என்பார்கள். 1891இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே திறக்கப்பட்ட சுங்கை ஊஜோங் ரயில் பாதை ஆங்கிலேயருக்கு இன்னொரு 'லைன்'. தோட்டத் தமிழில் தண்டவாளத்துக்குக் 'கம்பிச் சடக்கு' என்ற வழக்கு உண்டு. ஆக மரவரிசைக்கு 'லைன்' என்ற கடன் தேவைப்படவில்லை, இருப்புப்பாதைக்கும் தேவைப்படவில்லை. வீட்டுக்குத்தான் தேவைப்பட்டது. கடன் வாங்கியது வரிசைக்குச் சொல் பற்றாமல் அல்ல. வாங்கியவர்கள் குறிக்க நினைத்தது வரிசையே அல்ல.

அவர்கள் குறித்தது எதை? ஒரே நீளக் கூரை. அதன்கீழ் வரிசையாக அறைகள். பல இடங்களில் முதுகோடு முதுகு ஒட்டி இரண்டு வரிசை. பழைய லயங்களில் பலகைத் தடுப்பு கூரைவரை எட்டாது. ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் ஐந்தாம் வீட்டில் தும்முவார்கள். ஒரு பிள்ளையின் இருமல் லயம் முழுக்கத் தெரியும். கட்டட அமைப்பு இவ்வளவுதான், இதைவிட நெருக்கமான குடியிருப்புகள் உலகில் எத்தனையோ உண்டு. லயத்தை லயமாக்கியது வேறு ஒரு விதி. வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போனது. தோட்டத்தில் பேர் இருக்கும்வரை கூரை இருக்கும். பேர் வெட்டப்பட்டால் சட்டி பானையோடு வெளியே. ஊரில் கூரைக்குடிசையாக இருந்தாலும் அது ஒருவருடைய வேலைக்கணக்கில் ஏறாத குடிசை. இங்கே அறுபது வயதில் பால் வெட்டும் உளியைக் கீழே வைத்தவர், தம் பிள்ளையோ மருமகளோ அதே தோட்டத்தில் பேர் பதிந்திருந்தால்தான் அதே கூரையின்கீழ் படுக்க முடியும். 'வீடு', 'குடி', 'மனை' என்ற சொற்கள் எல்லாவற்றிலும் ஏதோ ஓர் உரிமை ஒட்டியிருக்கிறது. அந்த உரிமை இல்லாத ஓர் இருப்பிடத்துக்கு நம்மிடம் பெயர் இல்லை. கட்டியவனிடமிருந்தே பெயரை வாங்கினோம்.

லயம் ஆங்கிலச் சொல்லே அல்ல என்று வாதிடுகிறவர்களும் உண்டு. 'ஆலயம்' என்பதில் உள்ள உறைவிடப் பொருளே அது என்பது ஒரு கட்சி. குதிரை கட்டும் 'லாயம்' குறுகி லயம் ஆனது என்பது இன்னொரு கட்சி. இரண்டாவதைக் கேட்கும்போது மனம் உடனே ஒப்புகிறது, ஏனென்றால் மனிதரை அப்படித்தான் அடைத்தார்கள் என்ற வேதனை அந்த விளக்கத்தில் இருக்கிறது. ஆனாலும் சான்று வேறு பக்கம் நிற்கிறது. திருச்சி, தஞ்சை, சேலம் கிராமங்களிலிருந்து போனவர்கள் ஊரில் எந்தக் குடியிருப்பையும் லயம் என்று அழைத்ததில்லை. இலங்கை மலையகம், வால்பாறை, மூணாறு, மலாயா என எங்கெல்லாம் வெள்ளையர் தோட்டம் போட்டார்களோ அங்கெல்லாம் அந்தச் சொல் இருக்கிறது. 2020 ஆகஸ்டில் மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேர் மாண்டபோது, புதைந்துபோன வீடுகளை மலையாள நாளிதழ்களும் 'லயம்' என்றே எழுதின. ஆலயத்திலிருந்தோ லாயத்திலிருந்தோ பிறந்த சொல், தோட்டத்தின் எல்லைக்குள் மட்டும் இப்படி அடைபட்டிருக்காது.

ஒலி மாற்றத்துக்கும் தமிழ் இலக்கணத்திலேயே வழி இருக்கிறது. ஐயர் அய்யர் ஆவதுபோல லைன் 'லய்ன்' ஆகிறது. சொல்லின் கடைசியில் இப்படி இரண்டு மெய் சேர்ந்து நிற்க நம் நாக்கு இடம் தராது, ஆகவே 'லயன்'. இலங்கையில் இந்த உருவம் இன்றும் வழங்குகிறது. பிறகு அறம் அறன், நிலம் நிலன் என்று இடம் மாறும் கடைப்போலி. லயன் லயம் ஆனதும் மரம், குளம், நிலம் போன்ற சொற்களின் கூட்டத்தில் சேர்ந்துவிட்டது. லைன் 'லைனுக்கு' என்றுதான் உருபு ஏற்கும். லயமோ மரத்துக்கு, குளத்துக்கு என்பதுபோல 'லயத்துக்கு' என்று ஏற்கிறது. மேட்டு லயம், லயத்துப் பிள்ளைகள் என்று கூட்டுச் சொற்களைப் பெறுகிறது. தலைமுறை தலைமுறையாகப் பேசித் தேய்த்த சொல்லுக்கே இந்த இலக்கணம் வாய்க்கும்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. கோவையிலும் திருப்பூரிலும் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விடும் வீடுகளை 'லைன் வீடு' என்கிறார்கள். அங்கேயும் பொதுச்சுவர், அங்கேயும் ஒரே கூரை. அப்படியானால் லயத்துக்கும் லைன் வீட்டுக்கும் வேறுபாடு காலம் மட்டும்தானே, ஒன்று பழைய கடன், மற்றது புதிய கடன் என்று கேட்கலாம். காலம் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் லைன் வீட்டுக்காரர் மாதம் பிறந்தால் வாடகை கொடுக்கிறார், ஆலையை மாற்றினாலும் வீட்டை மாற்ற வேண்டியதில்லை. லயத்துக்காரரால் அது முடியாது. 1948இல் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின், தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்கள் பலவற்றை ஓரிடமாகத் திரட்டி முள்கம்பி வேலி போட்டார்கள். வீட்டுக்குள் இருப்பவரைக் கேட்காமல் வீட்டையே நகர்த்த முடிந்தது. தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர் பணத்திலேயே தோட்டம் வாங்கப் புறப்பட்டதற்கும் அடியில் இருந்தது இந்த அச்சம்தான்: தோட்டம் கைமாறினால் கூரையும் போய்விடும். தொழிலாளர் வீட்டின் தரத்துக்கு 1966இலும் பிறகு 1990இலும் சட்டங்கள் வந்தன. தண்ணீர், மின்சாரம், அறைகள் மேம்பட்டன. வரிசையை உடைத்து இரட்டை வீடுகளாகவும் கட்டினார்கள். அந்த இரட்டை வீடுகளையும் மக்கள் லயம் என்றே அழைத்தார்கள் என்பது கவனிக்க வேண்டியது. வரிசை போயிற்று, பெயர் போகவில்லை.

நீலாய், சிரம்பான் 2, ஸ்ரீ செண்டாயான் ஆகிய நகரப் பகுதிகள் எழுந்த நிலத்தில் முன்பு ரப்பரும் செம்பனையும் நின்றன. அங்கே இன்று தாமான்கள் எனப்படும் குடியிருப்புப் பகுதிகள். நீளக் கூரை, பொதுச்சுவர், கதவுக்குப் பக்கத்தில் கதவு, கயிறு பிடித்ததுபோல நேராக ஓடும் தெரு. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பலர் வங்கிக் கடன் வாங்கி அந்த வரிசை வீடுகளில் குடியேறியிருக்கிறார்கள். வடிவத்தில் பழைய லயத்துக்கு அதைவிட நெருங்கிய உறவு வேறு இல்லை. ஆனால் அந்த வீட்டைக் காட்டி யாரும் 'எங்கள் லயம்' என்று சொல்வதில்லை. 'எங்கள் வீடு' என்கிறார்கள்.