பொம்மைக் காருக்கும் ஆர்.சி. புத்தகம்!

நாமக்கல்லில் இருந்து துறையூர் போகும் சாலையில் இருக்கிறது எருமப்பட்டி. வடக்கே கொல்லிமலை. சுற்றிலும் தோட்டங்கள், கோழிப் பண்ணைகள். சாலையில் பார்த்தால் லாரி.

நாமக்கல் வட்டாரமே லாரிக்குப் பெயர் போனது. லாரி ஓட்டுகிறவர்கள், லாரிக்குப் பாடி கட்டுகிறவர்கள், டயருக்குப் பட்டி போடுகிறவர்கள் என்று எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுவது லாரிதான். இங்குள்ள பிள்ளைகளுக்கு லாரியைப் பற்றி யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. நம்பர் பலகையில் "டி.என். 28" என்று இருந்தால், "நம்ம ஊர் வண்டி" என்று சொல்லிவிடுவார்கள்.

ஒவ்வொரு லாரிக்கும் ஆர்.சி. புத்தகம் உண்டு. யார் செய்த வண்டி, எந்த ஆண்டு செய்தது, சேசிஸ் நம்பர் என்ன, என்ஜின் நம்பர் என்ன, நிறம் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். இப்போது அந்த விவரம் "வாகன்" என்ற மத்திய அரசின் இன்டர்நெட் பதிவேட்டிலும் ஏறிவிடுகிறது.

சரி, வீட்டில் பிள்ளைகள் வைத்திருக்கும் பொம்மைக் காருக்கு ஆர்.சி. புத்தகம் உண்டா?

சிரிக்க வேண்டாம். உண்டு!

உலகப் பேரேடு

மண்டிகளில் பேரேடு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெயரைச் சொன்னால் போதும். கணக்குப்பிள்ளை பக்கத்தைப் புரட்டி, வரவு என்ன, பற்று என்ன என்று சொல்லிவிடுவார். அதே பேரேட்டை இன்டர்நெட்டில் வைத்தால் அதற்குப் பெயர் "டேட்டாபேஸ்".

பொம்மைக் கார்களுக்கும் அப்படி ஒரு பேரேடு இருக்கிறது. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் தோன்றிய "ஹாபி டி.பி." என்ற வலைத்தளம் அது. கார் பொம்மை மட்டும் அல்ல. பல விதமான சேகரிப்புப் பொருள்களுக்கும் அங்கே இடம் உண்டு. ஒரு பொம்மைக் காரின் பெயரைத் தட்டினால் அதன் படம், செய்த கம்பெனி, ஆண்டு, நிறம், சக்கரத்தின் வகை எல்லாம் வந்து நிற்கும். "இது என்னிடம் இருக்கிறது" என்று குறித்து வைக்கலாம். "இது எனக்கு வேண்டும்" என்றும் குறித்து வைக்கலாம். பேரேட்டில் இல்லாத பொம்மையைச் சேகரிப்பவர்களே எழுதிச் சேர்க்கலாம்.

விளையாட்டுச் சாமானுக்கு இத்தனை பாடா என்று கேட்கலாம். அதற்குக் காரணம் இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் பிறந்த பொம்மை

லண்டனில் "லெஸ்னி" என்று ஒரு கம்பெனி இருந்தது. அதில் பங்குதாரர் ஜாக் ஓடெல். அவருடைய மகள் படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு விதி. தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையைத்தான் பிள்ளைகள் கொண்டுவரலாம்!

அப்பா சும்மா இருப்பாரா? சாலை போடும் ரோலர் ஒன்றைத் தீப்பெட்டிக்குள் அடங்கும்படி செய்து கொடுத்தார். பார்த்த பிள்ளைகள் எல்லாம் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். 1953-ல் "மேட்ச்பாக்ஸ்" பொம்மைகள் பிறந்த கதை இதுதான். மேட்ச்பாக்ஸ் என்றால் தீப்பெட்டி.

அதற்கு முன்பே, 1934-ல், இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் "டிங்கி டாய்ஸ்" வந்துவிட்டது. 1968-ல் அமெரிக்காவில் "ஹாட் வீல்ஸ்" வந்தது.

இந்தப் பொம்மைகளில் ஒரு கணக்கு இருக்கிறது. நிஜ வண்டியின் நீளத்தை 64 பங்காக்கி, அதில் ஒரு பங்கு அளவுக்குப் பொம்மை செய்வது ஒரு வகை. 43-ல் ஒரு பங்கு என்பது இன்னொரு வகை. அம்பாசடர் காரின் நீளம் சுமார் 4.3 மீட்டர். 43-ல் ஒரு பங்கு என்றால் பத்து சென்டிமீட்டர். 64-ல் ஒரு பங்கு என்றால் ஏழு சென்டிமீட்டர்கூட வராது, உள்ளங்கையில் அடங்கிவிடும்.

ஒரு பலகையின் விலை

மேட்ச்பாக்ஸ் பொம்மைகளுக்கு 1 முதல் 75 வரை நம்பர் கொடுத்தார்கள். பழைய பொம்மையை நிறுத்திவிட்டுப் புதிய பொம்மைக்கு அதே நம்பரைக் கொடுப்பார்கள். ஆகவே நம்பரை மட்டும் எழுதினால் போதாது. எந்த வண்டி, என்ன நிறம், எப்படிப்பட்ட சக்கரம் என்பதையும் எழுத வேண்டும்.

சின்ன வித்தியாசம்தானே என்று விட்டுவிட முடியாது. ஹாட் வீல்ஸ் கம்பெனி 1969-ல் ஒரு வோக்ஸ்வேகன் வேனைச் செய்து பார்த்தது. கடல் அலைமேல் சறுக்கும் பலகைகள் இரண்டு, வேனின் பின் ஜன்னல் வழியாக நீட்டிக்கொண்டிருந்தன. வேன் ஒடுக்கமாக இருந்ததால் பொம்மைப் பாதையில் சரியாக ஓடவில்லை. உடனே வேனை அகலமாக்கி, பலகைகளைப் பக்கவாட்டில் செருகினார்கள். கடைக்கு வந்தது அந்த வேன்தான். பின் ஜன்னலில் பலகை இருந்த சோதனை வேன்கள் கொஞ்சமே மிஞ்சின. இளஞ்சிவப்பு நிறத்தில் உள்ள அந்தச் சோதனை வேனைச் சேகரிப்பாளர்கள் ஒரு லட்சம் டாலருக்கு மேல் மதிப்பிடுகிறார்கள்.

பலகை இருக்கும் இடம் மாறியது. மதிப்பு எங்கேயோ போய்விட்டது!

கல்கத்தாவுக்கு வந்த அச்சு

இந்தக் கதையில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. டிங்கி கம்பெனி பழைய அச்சுகள் சிலவற்றைக் கல்கத்தாவுக்கு விற்றது. 1960-களின் இறுதியில் அந்த அச்சுகளில் வார்த்த கார்கள் "நிக்கி டாய்ஸ்" என்ற பெயரில் நம் நாட்டுக் கடைகளில் விற்றன. அச்சு ஒன்று, ஊர் வேறு, பெயர் வேறு. 1980-களில் ஹாட் வீல்ஸ் பொம்மைகளும் "லியோ" என்ற பெயரோடு இந்தியாவில் தயாராயின.

இவற்றில் ஒன்று உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கலாம். அப்பா சிறுவயதில் விளையாடியதாக இருக்கலாம். வெளியூர் லோடு போன தாத்தா, பம்பாயிலோ கல்கத்தாவிலோ வாங்கி வந்ததாக இருக்கலாம். எழுதி வைக்காவிட்டால் அதற்கு என்ன கதி?

வீட்டைக் காலி செய்யும்போது காயலான் கடைக்குப் போகும். அங்கே காருக்கு விலை இல்லை, எடைக்குத்தான் விலை. ஆசையோடு சேர்த்தவர் இருக்கும்வரை அது சேகரிப்பு. அவர் காலத்துக்குப் பிறகு, விவரம் தெரியாதவர்களுக்கு அது வெறும் தகரம்.

மனிதர் கை வைக்காமலே அழியும் பொம்மைகளும் உண்டு. இந்தக் கார்கள் துத்தநாகக் கலவையால் வார்க்கப்பட்டவை. 1930-களில் செய்த சில டிங்கி பொம்மைகளில் அந்தக் கலவையோடு ஈயம் சேர்ந்துவிட்டது. அவை காலப்போக்கில் தாமாகவே வெடித்து உதிர்கின்றன. உதிர்ந்த பிறகு மிஞ்சுவது பேரேட்டில் உள்ள படம் மட்டுமே.

எழுதுவது எப்படி?

முதலில் காரைக் கவிழ்த்துப் பாருங்கள். அதன் விலாசம் அடிப்பாகத்தில்தான் இருக்கிறது. கம்பெனி பெயர், வண்டியின் பெயர், செய்த நாடு ஆகியவற்றைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடியில் ஓர் ஆண்டும் இருக்கும். அதை நம்பி ஏமாற வேண்டாம்! ஹாட் வீல்ஸ் கார்களில் அது பொம்மைக்கு உரிமை பதிந்த ஆண்டு. செய்த ஆண்டு அல்ல. 2008 முதல் செய்த கார்களின் அடியில் ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும் சிறிதாக அச்சாகியிருக்கும். எழுத்து ஆண்டைக் காட்டும். ஏ என்றால் 2008. பி என்றால் 2009. சி என்றால் 2010. இலக்கம் எத்தனையாவது வாரம் என்பதைக் காட்டும்.

அடுத்தது அளவு. பள்ளிக்கூட ஸ்கேலே போதும். முன்னும் பின்னும், மேலும் கீழும், இரு பக்கமும் செல்போனில் படம் எடுங்கள். பெயின்ட் உரிந்திருந்தால், சக்கரம் மாற்றியிருந்தால், அதையும் மறைக்காமல் எழுதுங்கள். பழைய அட்டைப் பெட்டி இருந்தால் எறிந்துவிடாதீர்கள். பெட்டியோடு இருக்கும் காருக்கு மதிப்பு அதிகம்.

பிறகு பேரேட்டில் தேடுங்கள். ஒரே பெயரில் பல கார்கள் வரும். நிறம், சக்கரம், அடிப்பாக எழுத்து மூன்றும் பொருந்துகிறதா என்று பார்த்துக் குறியுங்கள்.

யார் கொடுத்தது, எப்போது வாங்கியது என்பதையும் கூடவே எழுதுங்கள். மற்ற விவரங்களை உலகில் யாராவது சொல்லிவிடுவார்கள். இதை உங்கள் வீட்டார் மட்டுமே சொல்ல முடியும்.

இரண்டு எச்சரிக்கைகள். வீட்டு விலாசத்தையும் போன் நம்பரையும் ஊரறிய எழுத வேண்டாம். இன்னொன்று, வலைத்தளத்தை மட்டுமே நம்பியிருக்க வேண்டாம். "ஜியோசிட்டீஸ்" என்ற பெரிய வலைத்தளம் 2009-ல் மூடப்பட்டது. எத்தனையோ பேர் ஆசையாக எழுதி வைத்த பக்கங்கள் அதோடு போயின. ஆகவே பட்டியலின் நகல் ஒன்று கம்ப்யூட்டரில் இருக்கட்டும். நோட்டுப் புத்தகத்தில் ஒன்று இருக்கட்டும். எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

37,777 கார்கள்!

லெபனான் நாட்டைச் சேர்ந்த கார்ப் பந்தய வீரர் நபில் கரம் சேர்த்த பொம்மைக் கார்களின் எண்ணிக்கை 2016-ல் கின்னஸ் சாதனையாகப் பதிவானது. அந்த எண்ணிக்கை 37,777. "நாற்பதாயிரம் இருக்கும்" என்று அவர் உத்தேசமாகச் சொல்லியிருந்தால் நடந்திருக்குமா? கணக்கு இருந்தால்தான் பெருமை.

உங்கள் வீட்டில் ஏழு கார்கள்தான் இருக்கின்றனவா? கவலை வேண்டாம். ஏழையும் எழுதுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போதும். தாத்தா கதை சொல்லட்டும், பேத்தி தட்டட்டும். தமிழ் மட்டும் தெரிந்த தாத்தாவுக்கும் ஆங்கிலம் படிக்கும் பேத்திக்கும் சேர்ந்து செய்ய ஒரு வேலை கிடைத்தது!

மேல்நாட்டுக் கார்களைப் பற்றி எழுத அங்கே ஆள் இருக்கிறது. தேர்த் திருவிழாக் கடையில் வாங்கிய தகர லாரியை யார் எழுதுவது? தச்சர் செய்து கொடுத்து, பிள்ளைகள் கயிறு கட்டி இழுத்த மர லாரியை யார் எழுதுவது? எந்த ஊர்த் திருவிழா, எந்த ஆண்டு, என்ன விலை என்பது அமெரிக்காவில் இருப்பவருக்குத் தெரியாது.

எருமப்பட்டிக்காரருக்குத் தெரியும். நிஜ லாரிக்குப் பாடி கட்டி ஊர் ஊராக அனுப்பும் வட்டாரம் இது. பொம்மை லாரிக்கு ஒரு பக்கம் எழுதுவதா பெரிய வேலை?