கட்டணத்தைவிடக் கட்டில் பெரிது

1990களின் நடுவில் கம்போடியத் தலைநகர் புனோம் பென்னில் சட்டம் படித்த சில பெண்கள், கல்லூரிக் கட்டடத்துக்கு அடியில், தளத்துக்கும் சேற்றுத் தரைக்கும் நடுவே இருந்த இடைவெளியில் நான்கு ஆண்டுகள் குடியிருந்தார்கள். சீட் கிடைத்திருந்தது, தங்க இடம் கிடைக்கவில்லை. உடன் படித்த கிராமத்துப் பையன்களுக்கு அந்தக் கவலை குறைவு. 'வாட்' எனப்படும் பௌத்த விகாரைகளில் ஏழை மாணவர்களைத் தங்கவைப்பது அங்கே பழைய வழக்கம். முற்றம் பெருக்கி, பிக்குகளுக்குச் சில்லறை வேலைகள் செய்து கொடுத்து, அவர்கள் உண்டு மிஞ்சியதைச் சாப்பிட்டுப் பட்டம் வாங்கிவிடலாம். ஆனால் பிக்குகளின் வளாகத்தில் பெண்கள் இரவில் தங்க முடியாது.

இதைக் கேள்விப்பட்ட அமெரிக்க எழுத்தாளரும் இயற்பியலாளருமான ஆலன் லைட்மேன், 2006-ல் அங்கே மாணவிகளுக்கென்றே ஒரு விடுதியைத் திறந்தார். அவருடைய ஹார்ப்ஸ்வெல் அறக்கட்டளைக்கு மதச் சார்பு கிடையாது. அதே குறையைக் கண்டு விடுதி நடத்த வந்தவர்களிலும், மாணவர்களுக்கு வெளிநாட்டில் ஸ்பான்சர் தேடித் தருபவர்களிலும் கிறிஸ்தவ அமைப்புகள் பல. மக்களில் சுமார் 97 சதவீதம் பேர் பௌத்தர்களாக இருக்கும் நாடு கம்போடியா. 1993-ல் வந்த அரசியல் சாசனத்தின் 43ஆவது பிரிவு பௌத்தத்தை அரச மதம் என்கிறது. மத சுதந்திரத்தையும் அதே பிரிவுதான் தருகிறது. அப்படிப்பட்ட நாட்டில் சர்ச் பணத்தில் பிள்ளைகள் படிப்பது எப்படி நடக்கிறது, அதில் எங்கே உரசல் வருகிறது என்பதைப் பார்க்கலாம்.

1975 ஏப்ரல் 17-ல் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் படை புனோம் பென்னுக்குள் நுழைந்து நகரத்தையே காலி செய்தது. பள்ளிகளும் பல்கலைக்கழகமும் மூடப்பட்டன. பிக்குகளின் காவி களையப்பட்டது. தலைநகரின் கத்தோலிக்கப் பேராலயம் கல் கல்லாகப் பெயர்த்தெடுக்கப்பட்டது. நான்கு ஆண்டுகள்கூட நீடிக்காத அந்த ஆட்சியில் சுமார் 17 லட்சம் பேர் மாண்டார்கள். ஆசிரியர்களும் படித்தவர்களும் தேடித் தேடிக் கொல்லப்பட்டார்கள். தப்பியவர்களில் பெரும் கூட்டம் தாய்லாந்து எல்லை முகாம்களுக்கு ஓடியது. அங்கே அரிசி, மருந்து, பாடப்புத்தகம் என்று கொடுத்தவர்களில் கிறிஸ்தவ நிவாரண அமைப்புகள் முன்வரிசையில் நின்றன. பலர் முதன்முதலில் ஆங்கிலம் கற்றதும் பைபிளைப் பார்த்ததும் அந்த முகாம்களில்தான். 1990-ல் அரசு கிறிஸ்தவ வழிபாட்டை வெளிப்படையாக அனுமதித்தது. அகதிகளும் ஊர் திரும்பினார்கள். பின்னாலேயே இயேசு சபையினரும் சலேசியர்களும் அமெரிக்க, கொரிய புராட்டஸ்டன்ட் மிஷன்களும் வந்தார்கள். முதலில் தொழிற்பயிற்சி, அநாதை இல்லம் என்று இருந்த வேலை, அந்தப் பிள்ளைகள் வளர வளரப் பல்கலைக்கழகப் படிப்புக்கும் நீண்டது.

பணம் ஏன் தேவைப்படுகிறது? அரசுப் பள்ளியில் படிப்பு இலவசம், பல்கலைக்கழகத்தில் அப்படியில்லை. 1990களின் பிற்பகுதியில் அரசுப் பல்கலைக்கழகங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கின, தனியார் பல்கலைக்கழகங்களும் முளைத்தன. கட்டணம் டாலரில். சாதாரணப் படிப்புக்கு ஆண்டுக்குச் சில நூறு டாலர். 2025-ல் ஆடைத் தொழிற்சாலைத் தொழிலாளியின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 208 டாலர். அக்கா தையல் மெஷினில் உட்கார்ந்து தம்பியையோ தங்கையையோ படிக்கவைக்கும் குடும்பங்கள் அங்கே சாதாரணம். அரசு உதவித்தொகை உண்டு, மதிப்பெண்ணும் வறுமையும் பார்த்துத் தருகிறார்கள், எல்லோருக்கும் எட்டாது. போதாக்குறைக்கு ஒரு டிகிரி மட்டும் போதும் என்று யாரும் நினைப்பதில்லை. காலையில் ஒரு பல்கலைக்கழகத்தில் கணக்கியல், மாலையில் இன்னொன்றில் ஆங்கிலம் என்று ஒரே நேரத்தில் இரண்டு படிப்பவர்கள் நிறைய.

ஸ்பான்சர் முறை நடப்பது இப்படி. அமெரிக்காவிலோ தென் கொரியாவிலோ சிங்கப்பூரிலோ ஒரு குடும்பம் அல்லது ஒரு சபை, ஒரு மாணவரின் செலவை மாதாமாதம் ஏற்கிறது. கையில் வருவது ஒரு போட்டோ, கூடவே ஊர், குடும்பம், விரும்பும் படிப்பு பற்றி நான்கு வரி. மாணவர் குறித்த காலத்தில் கடிதம் எழுத வேண்டும், மதிப்பெண் பட்டியலை அனுப்ப வேண்டும். உள்ளூர் ஊழியர்கள் வீட்டுக்கே போய்க் கூரையையும் மாட்டையும் நிலத்தையும் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். 2014-க்குப் பிறகு மாணவரைத் தேர்ந்தெடுப்பது சற்று எளிதாகியிருக்க வேண்டும். அந்த ஆண்டு கல்வி அமைச்சர் ஹாங் சுவான் நரோன் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் காப்பியடிப்பதை அடியோடு நிறுத்தினார். முந்தைய ஆண்டு 87 சதவீதமாக இருந்த தேர்ச்சி, முதல் முயற்சியில் சுமார் 26 சதவீதமாக விழுந்தது. அதுவரை காசு கொடுத்தால் கிடைத்த சான்றிதழுக்கு அன்று முதல் ஒரு மதிப்பு வந்தது.

கட்டணத்தை நேரே பல்கலைக்கழகத்தில் கட்டிவிட்டால் அதோடு முடிந்தது. விடுதி அப்படியில்லை. சமையலுக்கு முறை போட்டிருப்பார்கள். இரவு இத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்று இருக்கும். வாரத்தில் ஓரிரு மாலை பைபிள் படிப்பு, ஞாயிறு ஆராதனை. பதினெட்டு வயதில் கிராமத்திலிருந்து வந்த பெண்ணுக்கு, இந்த ஊரில் தெரிந்த முகங்கள் எல்லாம் அந்த வீட்டில்தான். அவள் கேட்கும் பாட்டு, பேசும் ஆங்கிலம், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சிபாரிசுக் கடிதம் எழுதித் தருபவர், எல்லாம் அங்கிருந்தே வருகின்றன. மதமாற்றம் பற்றிய சர்ச்சையில் எல்லோரும் கட்டண ரசீதையே பிடித்துக்கொண்டு வாதாடுகிறார்கள். பார்க்க வேண்டியது இந்த விடுதி வாழ்க்கையை.

சட்டம் சொல்வது தெளிவு. வீடு வீடாகப் போய்ப் பிரசங்கம் செய்யக் கூடாது, பணமோ பொருளோ கொடுத்து மதம் மாற்றக் கூடாது என்று மத விவகார அமைச்சகத்தின் உத்தரவு இருக்கிறது. உதவித்தொகை இதில் எங்கே சேரும்? 'ஞானஸ்நானம் எடுத்தால்தான் பணம்' என்று யாரும் எழுதி வைப்பதில்லை. சில அமைப்புகள் சபைப் போதகரின் கடிதம் உள்ளவர்களை மட்டுமே எடுக்கின்றன. ஏற்கெனவே விசுவாசிகளான பிள்ளைகளுக்கு அவர்கள் சபை உதவுவதை யாரும் குறை சொல்ல முடியாது. மதம் பார்க்காமல் எடுத்து, ஆராதனைக்கு வருவதும் வராததும் உன் இஷ்டம் என்று விடுபவர்களும் உண்டு. வில்லங்கம் நடுவில் இருப்பவர்களிடம்: எல்லோரையும் சேர்ப்பார்கள், ஆனால் ஞாயிற்றுக்கிழமை வருகைப் பதிவும் எடுப்பார்கள்.

கம்போடிய வீடுகளில் இந்த உரசல் வெளிப்படும் நேரம் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வரும் பிச்சும் பென். பதினைந்து நாள் நீளும் இந்தக் காலத்தில் நரகத்தின் கதவு திறந்து, பசித்த முன்னோர்கள் விகாரை விகாரையாக அலைந்து தங்கள் சந்ததி வைக்கும் சோற்றைத் தேடுவதாக நம்பிக்கை. விடியுமுன் குடும்பத்தோடு போய்ச் சோற்று உருண்டைகளை விகாரையைச் சுற்றிப் போடுவார்கள். தேடி வந்து எதுவும் கிடைக்காத முன்னோர் சாபமிட்டுப் போவார் என்ற பயமும் உண்டு. நம்மூரில் மகாளய அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்க மாட்டேன் என்று மகன் சொன்னால் ஒரு தாய்க்கு எப்படி இருக்குமோ, அப்படித்தான் அங்கேயும். தலைநகரில் படித்த மகள் ஊருக்கு வந்து, உருண்டை பிடிக்க மாட்டேன் என்றால் அம்மா கேட்கும் கேள்வி இறையியல் பற்றியதல்ல: நான் செத்தபின் எனக்கு யார் சோறு போடுவார்கள்?

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். செய்நன்றியைப் பெரிய கடனாகப் பார்க்கும் சமூகம் அது. பெற்றோருக்குப் புண்ணியம் சேரட்டும் என்றே மகன்கள் சில காலம் துறவறம் பூணுகிறார்கள். நான்கு ஆண்டுகள் சோறு போட்டவர்கள் வாய் திறந்து எதுவும் கேட்காவிட்டாலும், எதிர்பார்ப்பது என்ன என்று மாணவருக்குத் தெரியும். அதனால், கட்டாயமில்லை என்று விதிப் புத்தகத்தில் அச்சடித்திருப்பதை மட்டும் வைத்து ஒரு அமைப்பை நல்லது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே சமயம் அந்தப் பெண்கள் ஏமாந்தவர்கள் என்று பேசுவதும் எரிச்சலாக இருக்கிறது. விகாரையில் தங்கிய பையனும்தான் காலையும் மாலையும் பாலி மந்திரம் கேட்டு வளர்ந்தான். அவனைப் பற்றி யாரும் விசாரணைக் கமிஷன் வைப்பதில்லை. வேண்டுமானால் ஒன்றைச் சோதிக்கலாம்: இரண்டாம் ஆண்டில் ஒருத்தி ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிட்டால், மூன்றாம் ஆண்டும் அவளுக்கு அதே கட்டில் உண்டா?

மாணவருக்கு அதைவிட அவசரமான பயம் வேறொன்று. ஒரு மாணவருக்கு ஒரு ஸ்பான்சர் என்ற முறையில், அந்தக் குடும்பத்துக்கு வேலை போனாலோ மனம் மாறினாலோ படிப்பு பாதியில் நிற்கும். நான்கு ஆண்டுப் படிப்பில் இது சின்ன ஆபத்தல்ல. வரும் பணத்தையெல்லாம் ஒரே நிதியில் போட்டு எல்லோருக்கும் பகிர்வது இதற்கு மாற்று; போட்டோவும் கடிதமும் இல்லாவிட்டால் கொடுப்பவர்களின் ஆர்வம் குறையும் என்பது அதில் உள்ள சிக்கல்.

கத்தோலிக்கத் திருச்சபை இன்னொரு வழியைப் பார்த்திருக்கிறது. மாணவரைத் தலைநகருக்குக் கூட்டி வருவதற்குப் பதில், புனோம் பென்னுக்குத் தெற்கே தாகேவ் மாகாணத்தின் கிராமப்புறத்தில் 2009-ல் செயின்ட் பால் இன்ஸ்டிடியூட் என்ற கல்லூரியைத் தொடங்கியது. கம்போடியாவில் கத்தோலிக்கர்களே மிகச் சொற்பம் என்பதால் அங்கே படிப்பவர்களில் பெரும்பாலோர் பௌத்தர்கள்தான். சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் ஊரை விட்டு வெகுதூரம் போகாமல் வேளாண்மை, சுற்றுலா, கணினி, ஆங்கிலம் படிக்கலாம். டாக்டராக விரும்பும் பிள்ளைக்கு மட்டும் அங்கே வகுப்பு இல்லை.