இரண்டு மலிவு மூளைகள்! முந்துவது எது?

ஆடி மாதம். குற்றாலத்தில் சாரல். தென்காசிக் கடைத்தெருவில் கூட்டம். அந்தக் கூட்டத்தில் ஒரு தந்தையும் மகளும் லேப்டாப் வாங்க வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

மகள் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். தந்தையின் கையில் இருப்பது பல மாதச் சேமிப்பு. ஒரு தடவைதான் வாங்க முடியும். தவறிப்போனால் அடுத்தது கிடையாது.

கடைக்காரர் இரண்டு லேப்டாப்புகளை எடுத்து வைக்கிறார். விலையில் அதிக வித்தியாசம் இல்லை. ஒன்றின் மூளை இன்டெல் கம்பெனியின் 'என் 100'. மற்றொன்றின் மூளை ஏ.எம்.டி. கம்பெனியின் 'ரைசன் 3 7320யு'. முதல் அட்டையில் 3.4 கிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறது. இரண்டாவதில் 4.1.

"அண்ணாச்சி, பெரிய நம்பர் உள்ளதுதானே வேகமா ஓடும்?" என்று தந்தை கேட்கிறார்.

நியாயமான கேள்வி. தென்காசிக்காரர்களுக்கு இது வீண் கேள்வியும் அல்ல. பக்கத்தில் மத்தளம்பாறையில் ஜோஹோ கம்பெனி மென்பொருள் எழுதுகிறது. கம்ப்யூட்டர் வேலைக்குச் சென்னைக்கு ரெயில் ஏறித்தான் ஆகவேண்டும் என்ற நிலை மாறிவிட்டது. ஆகவே வீட்டுக்கு வரும் லேப்டாப் நாலு வருஷம் உழைக்க வேண்டும்.

ஆனால் அந்த நம்பர் பாதிக் கதையைத்தான் சொல்லும்!

புரோட்டாக் கல்

கிகாஹெர்ட்ஸ் என்றால் என்ன? மூளையின் நாடித் துடிப்பு. 3.4 என்றால் ஒரு விநாடிக்கு 340 கோடி துடிப்பு. 4.1 என்றால் 410 கோடி.

செங்கோட்டை வழியில் பிரானூரில் எல்லையோரப் புரோட்டாக் கடைகள் இருக்கின்றன அல்லவா? அங்கே கல்லுக்கு முன் நிற்கும் மாஸ்டரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கை எவ்வளவு வேகமாக வீசுகிறது என்பதுதான் கிகாஹெர்ட்ஸ்.

கை மட்டும் போதுமா? மாவு உருண்டை வரவேண்டும். பக்கத்துத் தட்டில் உருண்டை இருந்தால் உடனே எடுத்து வீசுவார். தட்டு காலியானால், பின்கட்டிலிருந்து பையன் கொண்டுவரும் வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். நிற்கிற நேரத்தில் அவர் கைவேகத்தால் யாருக்கு என்ன லாபம்?

அந்தப் பக்கத்துத் தட்டுக்குக் கம்ப்யூட்டரில் 'கேஷ்' என்று பெயர். ரொக்கம் அல்ல! மூளைக்குள்ளேயே இருக்கும் சிறிய நினைவகம் அது. பின்கட்டுதான் 'ராம்'. பையன் ஓடிவரும் பாதைக்குப் 'பஸ்' என்று பெயர். திருநெல்வேலி பஸ்ஸுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

தட்டு இல்லாத மாஸ்டர்

இதை உலகம் அனுபவத்தில் படித்துக்கொண்டது. 1998 ஏப்ரலில் இன்டெல் கம்பெனி, ஏழை எளியவர்களும் வாங்கட்டும் என்று 'செலரான்' என்ற மலிவு மூளையை வெளியிட்டது. வேகம் 266 மெகாஹெர்ட்ஸ். அன்றைக்கு அது நல்ல வேகம்தான். ஆனால் விலையைக் குறைப்பதற்காகப் பெரிய தட்டை, அதாவது இரண்டாம் கட்ட கேஷை, அடியோடு எடுத்துவிட்டார்கள். மாஸ்டர் சூரர்; தட்டு இல்லை. வாங்கியவர்கள் முகம் சுளித்தார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்டில் இன்டெல் திருத்திக்கொண்டது. 128 கிலோபைட் கேஷ் சேர்த்துப் புதிய செலரான் வந்தது. சின்னத் தட்டுதான். ஆனாலும் விலை கூடிய அண்ணன் பென்டியத்தையே அது பல வேலைகளில் எட்டிப்பிடித்தது!

2000 ஜூனில் ஏ.எம்.டி. போட்டிக்கு இறங்கியது. அதன் மலிவு மூளைக்கு 'டூரான்' என்று பெயர். அப்போது செலரானிலும் 600 மெகாஹெர்ட்ஸ், டூரானிலும் 600 மெகாஹெர்ட்ஸ். அட்டையைப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஓடவிட்டுப் பார்த்தால் பெரும்பாலான சோதனைகளில் டூரான் முந்தியது.

காரணம் என்ன? டூரானில் தட்டு பெரிது. இரண்டு கட்டமும் சேர்த்து 192 கிலோபைட். பாதையும் அகலம். செலரானின் பாதை 66 மெகாஹெர்ட்ஸில் நடந்தது. டூரானின் பாதை 100-ல் ஓடியது. அதுவும் ஒரு துடிப்புக்கு இரண்டு நடை! 2001 ஜனவரியில் இன்டெலும் செலரானின் பாதையை 100 ஆக்கியது. போட்டி இல்லாவிட்டால் இவ்வளவு சீக்கிரம் ஆக்கியிருக்குமா என்பது சந்தேகமே.

ஐந்தருவிக் கணக்கு

இன்றைய இரண்டு மூளைகளிலும் தட்டுக்குக் குறைவில்லை. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது.

பேரருவியில் தண்ணீர் ஒரே இடத்தில் விழுகிறது. ஐந்தருவியில் கிளை கிளையாகப் பிரிந்து விழுகிறது. இந்த மூளைகளும் கிளை பிரிந்தவையே. ஆளுக்கு நான்கு கிளை. ஒவ்வொன்றும் தனித்தனியே வேலை பார்க்கும். என் 100-ல் ஒரு கிளையில் ஒரு வேலைதான் நிற்கலாம். ரைசனில் இரண்டு நிற்கலாம். ஒருவர் மூச்சு வாங்க ஒதுங்கும் நேரத்தில் இன்னொருவர் தலையை நீட்டுவது போல! இதனால் வேலை இரட்டிப்பாகிவிடாது, ஓரளவு கூடும்.

ஆகவே கடிதம் எழுதுவது, பாடம் படிப்பது, படம் பார்ப்பது என்றால் இரண்டும் ஒன்றுதான். ஒரே சமயத்தில் பத்து வேலை திறந்துவைத்து, புரோகிராமும் எழுதி ஓட்டினால் ரைசன் முந்தும். மின்சாரம் குடிப்பதில் என் 100 சிக்கனக்காரர். கம்பெனிக் கணக்கில் அதற்கு 6 வாட், ரைசனுக்கு 15. சூடும் குறைவு.

கம்ப்யூட்டர் படிக்கும் மகளுக்கு ரைசன் என்று முடிவு செய்யலாம். ஆனால் ஒன்று. அந்த மூளைக்கு ஏற்ற ராம், பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டு வருகிறது. பிறகு கூட்ட முடியாது. 4 ஜி.பி. வாங்கிவிட்டால் கடைசிவரை 4 தான். வாங்கும்போதே 8 ஜி.பி. கேட்டு வாங்கவேண்டும். அது கையிருப்புக்கு எட்டவில்லையா? 4 ஜி.பி. ரைசனைவிட 8 ஜி.பி. போட்ட என் 100 மேல். பின்கட்டில் மாவு வைக்க இடமில்லாத கடையில் மாஸ்டர் என்ன செய்வார்?

சரக்குக் கிடங்கான 'ஸ்டோரேஜ்' எஸ்.எஸ்.டி.தானா என்பதையும் கேட்கவேண்டும். 'இ.எம்.எம்.சி.' என்று எழுதியிருந்தால் விலை குறையும், வேகமும் குறையும்.

செலரான் பெயரை லேப்டாப்புகளுக்கு 2023-லிருந்து சூட்டுவதில்லை என்று இன்டெல் முடிவு செய்தது. டூரான் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே மறைந்துவிட்டது. இதில் ஒரு வேடிக்கை. 1998-ல் செலரானைக் காப்பாற்றிய அந்த 128 கிலோபைட் மூளைக்கு இன்டெல் தனக்குள் வைத்துக்கொண்ட ரகசியப் பெயர் 'மென்டசினோ'. 2022-ல் ரைசன் 3 7320யு மூளைக்கு ஏ.எம்.டி. வைத்த ரகசியப் பெயரும் அதே 'மென்டசினோ'தான்!