50-வது மாடியில் பூங்கா... கட்டியது ஹவுசிங் போர்டு! தெரியுமா?

ஹவுசிங் போர்டு வீடு என்றால் சேலத்துக்காரர் மனதில் என்ன வரும்? மூன்று மாடி, மங்கிய மஞ்சள் சுவர், துணி காயும் வராண்டா! ஆனால் அரசு வீட்டு வாரியம் ஒன்று 50 மாடியில் ஏழு கோபுரங்களை எழுப்பி, அவற்றை வானத்திலேயே பாலம் போட்டு இணைத்து, உச்சியில் ஊருக்கே பூங்கா வைத்திருக்கிறது. சிங்கப்பூரின் ‘பினாக்கிள் அட் டக்ஸ்டன்’தான் அது. வாங்க, மேலே ஏறலாம்!

எவ்வளவு உயரம் தெரியுமா?

156 மீட்டர், அதாவது 510 அடிக்கும் மேல்! நம்ம மேட்டூர் அணையின் உயரம் 214 அடி. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மேட்டூர் அணைகளை நிறுத்தினாலும் இதன் தலையைத் தொட முடியாது! சுமார் 6 ஏக்கர் நிலம்தான். அதில் 1,848 வீடுகள்!

யார் கட்டினார்கள் தெரியுமா?

1960-ல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம். சிங்கப்பூர்த் தமிழர் வாயில் சுருக்கமாக ‘வீவக’. அந்த நாட்டில் பத்துப் பேரில் ஏறக்குறைய எட்டுப் பேர் குடியிருப்பது வீவக வீட்டில்தான்! இந்தக் கோபுரங்கள் நிற்கும் தஞ்சோங் பகார் இடத்தில், 1960-களில் வீவக கட்டிய பத்து மாடி புளோக்குகள் இரண்டு இருந்தன. அவற்றை இடித்துவிட்டுத்தான் இந்த விஸ்வரூபம்!

உலகமே போட்டி போட்டது தெரியுமா?

2001-ல் அறிவித்த வடிவமைப்புப் போட்டிக்கு 32 நாடுகளிலிருந்து வந்தவை 227 வரைபடங்கள்! ஜெயித்தது வெளிநாட்டு ஜாம்பவான் அல்ல. உள்ளூரின் சின்ன நிறுவனமான ‘ஆர்க் ஸ்டுடியோ’. அதை நடத்தியவர்கள் கூ பெங் பெங், பெலிண்டா ஹுவாங் என்ற கட்டடக்கலைத் தம்பதி! 2009 டிசம்பரில் வேலை முடிந்தது. மறு ஆண்டே ஆசியா, ஆஸ்திரலேசியா வட்டாரத்தின் சிறந்த உயர்கட்டடம் என்ற சர்வதேச விருதும் வந்து சேர்ந்தது!

அந்தரத்தில் அரை கிலோமீட்டர் நடக்கலாம் தெரியுமா?

26-வது மாடியில் ஆறு பாலங்கள், 50-வது மாடியில் ஆறு பாலங்கள். ஏழு கோபுரங்களும் கைகோத்துக்கொள்ள, ஒவ்வொரு மட்டத்திலும் சுமார் 500 மீட்டர் நீளத் தோட்டம் கிடைத்துவிட்டது! 26-வது மாடித் தோட்டத்தில் கோபுரவாசிகள் ஓட்டப் பயிற்சி செய்கிறார்கள். அது அவர்களுக்கு மட்டும். 50-வது மாடிக்கோ யாரும் போகலாம்! சில வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டணம், ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பு, அவ்வளவே. மேலே போனால் செடிகளும் உட்கார இருக்கைகளும். ஒரு பக்கம் சைனாடவுனின் ஓட்டுக் கூரைகள், மறு பக்கம் துறைமுகத்தின் ராட்சத கிரேன்கள்!

பாலம் வேடிக்கைக்கு மட்டுமல்ல தெரியுமா?

ஒரு கோபுரத்தில் தீப்பிடித்தால்? ஐம்பது மாடியும் படியிறங்கித் தப்பிக்க முடியுமா? இங்கே பாலத்துக்கு வந்து, பக்கத்துக் கோபுரத்துக்குள் நுழைந்து, அந்த வழியே இறங்கிவிடலாம். காற்று வாங்கும் இடமே ஆபத்துக் காலத்தில் அடைக்கலம்!

முகப்பை வாங்குபவரே தேர்ந்தெடுத்தார் தெரியுமா?

பால்கனி வேண்டுமா, பூந்தொட்டி மாடம் வேண்டுமா, வெளியே நீட்டிய ஜன்னல் வேண்டுமா என்று கேட்டுக் கேட்டுக் கட்டினார்கள்! அதனால்தான் தொழிற்சாலையில் வார்த்து வந்த கான்கிரீட் பாகங்களைப் பொருத்திய கட்டடமாக இருந்தும் ஒரே அச்சாகத் தெரிவதில்லை. 2004-ல் 3 லட்சம் வெள்ளிக்குள்ளேயே விலை தொடங்கியது. பின்னாளில் கைமாறியபோது சில வீடுகள் 10 லட்சம் வெள்ளியைத் தாண்டின!

பக்கத்து வீட்டுக்காரர் யாரென்பதிலும் கணக்கு உண்டு தெரியுமா?

1989 முதல் ஒவ்வொரு வீவக புளோக்கிலும் எந்த இனத்தவர் எத்தனை விழுக்காடு வரை இருக்கலாம் என்று உச்சவரம்பு இருக்கிறது. ஓர் இனத்தார் மட்டும் ஒரே இடத்தில் குவிந்துவிடக் கூடாதாம்! சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லோருக்கும் ஒரே லிஃப்ட். நடந்து போகும் தூரத்தில் 1827-ல் நாராயண பிள்ளை தொடங்கிய ஸ்ரீ மாரியம்மன் கோயிலும் இருக்கிறது!

சரி, நம்மூரில்?

பொது இடம் விட வேண்டும் என்ற விதி இங்கேயும் உண்டு, தெரியுமா? தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டரைத் தாண்டிய மனையில் கட்டினால், 10 விழுக்காடு இடத்தைப் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்கி ஒப்படைக்க வேண்டும். அது தரையில். மாடியில்? சேலத்திலும் நாமக்கல்லிலும் அபார்ட்மெண்ட்கள் உயர்ந்துகொண்டே போகின்றன. மொட்டைமாடிக் கதவிலோ பூட்டு; சாவி செகரெட்டரி வீட்டு ஆணியில்! சேர்வராயன் மலையையும் நாமக்கல் கோட்டையையும் பார்க்கக் கிடைத்த மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் டிஷ் ஆன்டெனாவுக்கும் மட்டும்தான் இடம்!

பினாக்கிளின் அதிசயம் உயரத்தில் இல்லை. மற்ற நகரங்களில் பெரும் பணக்காரருக்கு மட்டும் வாய்க்கும் உச்சி மாடியை அரசே கட்டி, பொதுவில் விட்டதுதான் அதிசயம். அதற்கு 50 மாடி தேவையில்லை. அடுத்த முறை ஃபிளாட் பார்க்கப் போகும்போது கார் பார்க்கிங், லிஃப்ட், போர் தண்ணீர் எல்லாம் விசாரித்த கையோடு இன்னொன்றும் கேளுங்கள்: “மொட்டைமாடி எல்லோருக்கும் திறந்திருக்குமா?”